தண்டவாளம் குத்தகைக்கு, கன்ட்ரோல் யாருக்கு?

அமெரிக்கப் பயணிகள் ரயிலைப் பற்றிப் பேச்செடுத்தாலே "சரக்கு ரயில் கம்பெனிகள் வழி விடுவதில்லை" என்ற புலம்பலில் வந்து நிற்கும். புலம்பலில் நியாயம் இருக்கிறது. 1971 மே 1 அன்று ஆம்ட்ராக் (அமெரிக்க அரசுப் பணத்தில் நடக்கும் பயணிகள் ரயில் கம்பெனி) ஓடத் தொடங்கிய நாள் முதல் அதன் வண்டிகள் பெரும்பாலும் அடுத்தவர் தண்டவாளத்தில்தான் போகின்றன. பயணிகள் வண்டிக்கே முன்னுரிமை என்று 1973 முதல் சட்டம் இருக்கிறது. இருந்தும், ஆம்ட்ராக்கின் கிரெசென்ட் ரயிலைக் காக்க வைக்கிறார்கள் என்று நார்ஃபோக் சதர்ன் என்ற சரக்குக் கம்பெனி மீது 2024 ஜூலையில் அமெரிக்க நீதி அமைச்சகமே வழக்குப் போட வேண்டி வந்தது.

இதற்கு மருந்தாகச் சிலர் சொல்வது: சரக்குக் கம்பெனியின் பாதையைக் குத்தகைக்கு எடு, பணத்தைப் போட்டு மேம்படுத்து. சரி. ஆனால் எந்தப் பாதையை, எந்த நிபந்தனையில் என்பதைப் பொறுத்துத்தான் அது மருந்தா வீண் செலவா என்பது தெரியும்.

உருப்படியாக நடந்த ஒன்றைப் பார்ப்போம். நியூயார்க் மாநிலத்தில் பொகீப்ஸியிலிருந்து ஆல்பனி, ஸ்கெனெக்டடி தாண்டி ஹாஃப்மன்ஸ் வரை சுமார் 94 மைல். சிஎஸ்எக்ஸ் என்ற சரக்கு ரயில் கம்பெனியின் சொத்து. 2012 டிசம்பரில் ஆம்ட்ராக் குத்தகைக்கு எடுத்தது. பராமரிப்பும் மேம்பாட்டு வேலையும் வண்டிகளுக்கு வழிவிடும் கன்ட்ரோலும் ஆம்ட்ராக் கைக்கு வந்தன. சரக்கு வண்டி ஓட்டும் உரிமையை மட்டும் சிஎஸ்எக்ஸ் வைத்துக்கொண்டது. பிறகு ஆல்பனிக்கும் ஸ்கெனெக்டடிக்கும் நடுவே, சிஎஸ்எக்ஸுக்கு முன் பாதையை வைத்திருந்த கான்ரெயில் கம்பெனியின் காலத்தில் பிடுங்கப்பட்டிருந்த இரண்டாவது பாதையைத் திரும்பப் போட்டார்கள். 2017இல் அது திறந்தது. அதுவரை எதிர்வண்டி வந்து சேரும்வரை இந்த வண்டி ஸ்டேஷனிலேயே நிற்க வேண்டும். ஒரு வண்டி தாமதமானால் அடுத்த இரண்டும் தாமதம்.

சிஎஸ்எக்ஸ் ஏன் கொடுத்தது? தாராள மனசு ஒன்றும் இல்லை. அதன் முக்கியச் சரக்குப் போக்குவரத்து செல்கிர்க் யார்டிலிருந்து ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரை வழியாக நியூஜெர்சிக்குப் போகிறது. பயணிகள் வண்டிகள் ஓடுவது கிழக்குக் கரையில். அங்கே சரக்கு சொற்பம். பராமரிப்புச் சுமை கைமாறினால் கம்பெனிக்கும் லாபம்தான். குத்தகை ஜெயித்ததற்குப் பாதிக் காரணம் அந்த மேற்குக் கரைதான் என்பேன்.

சரக்கு இல்லாதது ஏன் இவ்வளவு முக்கியம்? வளைவுகளைப் பாருங்கள். வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்தி வைப்பார்கள். எவ்வளவு உயரம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: 0.0007 × வளைவின் டிகிரி (வளைவு எவ்வளவு கூர்மை என்பதன் அளவு) × வேகத்தின் வர்க்கம். வேகம் மணிக்கு எத்தனை மைல் என்பதில், விடை அங்குலத்தில். ஒரு டிகிரி வளைவில் 110 மைல் வேகத்துக்கு எட்டரை அங்குலம் வருகிறது. சட்டப்படி இந்த வேகப் பாதைகளில் 7 அங்குலத்துக்கு மேல் உயர்த்தவே கூடாது. அதே வளைவில் 50 மைலில் போகும் சரக்கு வண்டிக்குத் தேவையோ ஒன்றே முக்கால் அங்குலம். 4 அங்குலம் வைத்தால், வழக்கமாக அனுமதிக்கும் 3 அங்குலக் குறைபாட்டையும் (கணக்கு கேட்கும் உயரத்தைவிட அவ்வளவு குறைவாக இருக்கலாம் என்ற சலுகை) சேர்த்துப் பயணிகள் வண்டி 100 மைல் வரை போகலாம். ஆனால் மெதுவாக வரும் கனமான சரக்கு வண்டி உள்பக்கம் சாய்ந்து உள்தண்டவாளத்தின் தலையை நசுக்கும். சரக்குக்காரர் 2 அங்குலத்துக்கு மேல் சம்மதிக்கவில்லை என்றால் பயணிகள் வண்டியின் வேகம் சுமார் 84 மைலோடு நின்றுவிடும். புது எஞ்சின், புதுப் பெட்டி வாங்கி இதைச் சரிக்கட்டிவிட முடியாது.

லெவல் கிராசிங்கிலும் இதே சிக்கல். வண்டி வருவதற்குக் குறைந்தது 20 விநாடி முன்பாவது எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்பது விதி. 79 மைலில் வரும் வண்டியைச் சுமார் 706 மீட்டருக்கு முன்பே கண்டுபிடித்தால் போதும். 110 மைல் என்றால் சுமார் 983 மீட்டர். சரி, வண்டி வருவதை உணரும் தண்டவாள மின்சுற்றமைப்பைத் தள்ளி வைத்தோம். இப்போது அதே இடத்தைத் தொடும் சரக்கு வண்டி 30 மைலில் வருகிறது. கேட் 73 விநாடி மூடிக் கிடக்கும், அதற்கு மேல் வண்டி கடக்கும் நேரம் வேறு. பொறுமை இழந்த கார்க்காரர் கேட்டைச் சுற்றி வளைந்து போகிறார். வேகத்தை அளந்து நேரத்தைக் கணிக்கும் கருவியும், சாலை முழுவதையும் அடைக்கும் நான்கு கைக் கேட்டும் இதற்காகத்தான். செலவுப் பட்டியலில் இந்த வரியைச் சுருக்கினால் பிறகு அழ வேண்டியிருக்கும். 110 மைலுக்கு மேல் சாதாரணக் கேட் செல்லாது, 125க்கு மேல் கிராசிங்கே கூடாது என்பது அமெரிக்க மத்திய ரயில்வே நிர்வாகத்தின் நிலைப்பாடு.

அந்த 79 என்ற வினோத எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: 80 மைலோ அதற்கு மேலோ ஓட வேண்டுமானால் எஞ்சினுக்குள்ளேயே சிக்னல் காட்டும் அல்லது தானாக வண்டியை நிறுத்தும் ஏற்பாடு வேண்டும் என்று 1947இல் உத்தரவு வந்தது. பல கம்பெனிகள் அந்தச் செலவைத் தவிர்த்து 79இல் நின்றுகொண்டன. தண்டவாளத்தின் யோக்கியதைக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

யோக்கியதை என்று பார்த்தால் கட்டையில் தொடங்க வேண்டும். 39 அடி நீளத்தில் பத்தொன்பதரை அங்குல இடைவெளியில் 24 ஸ்லீப்பர் கட்டைகள் வரும். 80, 90 மைல் வேகத்துக்கான 4, 5ஆம் வகுப்புப் பாதைகளில், நேர்ப்பகுதியில், அவற்றில் 12 நன்றாக இருந்தாலே சட்டம் சும்மா இருந்துவிடும்! பாதிக் கட்டை மக்கியிருந்தாலும் பாதை "விதிப்படி" சரிதான். அதனால் குத்தகைப் பத்திரத்தில் "4ஆம் வகுப்பில் பராமரிக்க வேண்டும்" என்று மட்டும் எழுதுவது ஏமாளித்தனம். கட்டை மாற்றும் சுழற்சி, ஜல்லி சுத்திகரிப்பு, தற்காலிக வேகக் குறைப்பை எத்தனை நாளில் நீக்க வேண்டும் என்பதெல்லாம் தனித்தனியாக எழுதப்பட வேண்டும்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் வடிகால், பிறகு ஜல்லி, பிறகு கட்டை, கடைசியில்தான் இயந்திரம் வைத்து மட்டம் பார்ப்பது. வடிகாலை விட்டுவிட்டுச் சேறு கலந்த ஜல்லியின் மேல் மட்டம் பார்த்தால், நாலு மழைக்கு மறுபடி பள்ளம், மறுபடி வேகக் குறைப்பு. திறப்பு விழாவில் வடிகாலோடு யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை, அதுதான் அதன் தலைவிதி.

இனி கன்ட்ரோல். நம்மூரில் தண்டவாளம், வண்டி, செக்‌ஷன் கன்ட்ரோலர் எல்லாம் ஒரே ரயில்வே என்பதால் இது உறைக்காது. சிகாகோ–செயின்ட் லூயிஸ் பாதையில் சுமார் 200 கோடி டாலர் அரசுப் பணம் இறங்கியது. 110 மைல் வேகம் 2023 ஜூனில் வந்தது. நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் பெரும்பகுதி யூனியன் பசிபிக் என்ற சரக்குக் கம்பெனியின் சொத்து, வழிவிடுவதும் அவர்களே. நீளமான சரக்கு வண்டி லூப்பில் (எதிர்வண்டிக்கு வழிவிட ஒதுங்கும் பக்கப் பாதையில்) அடங்காவிட்டால், லூப்பில் ஒதுங்கி நிற்பது பயணிகள் வண்டிதான். 110 மைலில் ஓடிச் சேர்த்த நிமிடங்கள் ஒரே காத்திருப்பில் போய்விடும்.

அடுத்தவர் பாதையில் இன்னொரு தலைவலிக்கும் உதாரணம் இல்லினாய்ஸிலேயே இருக்கிறது. சிகாகோ–கார்பன்டேல் வழியில் ஆம்ட்ராக்கின் இலேசான குட்டி வண்டிகளைத் தண்டவாளச் சுற்றமைப்பு சில நேரம் உணரவில்லை. சுற்றமைப்பு உணராவிட்டால் கேட் மூடாது. தண்டவாளத்துக்குச் சொந்தக்காரரான கனடியன் நேஷனல் குறைந்தது 32 அச்சு வேண்டும் என்றது. ஒரு எஞ்சினுக்கு 4, பெட்டிக்கு 4 என்றால், பயணிகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏழு பெட்டியை இழுக்க வேண்டும். சொந்தக்காரர் சொன்னால் சொன்னதுதான்.

அதனால் என் கட்சி இது: சரக்குக்கு வேறு வழி இருந்தால் குத்தகை, சொந்தக்காரருக்கே பாதை வேண்டாமென்றால் விலைக்கு வாங்கிவிடு, இரண்டு பேருக்கும் வேண்டுமென்றால் தனிப் பாதை போடு. கலமசூவிலிருந்து டியர்பார்ன் வரை 135 மைலை மிச்சிகன் மாநிலம் 2012இல் 14 கோடி டாலருக்கு வாங்கியது இரண்டாவது வகை. வர்ஜீனியா சிஎஸ்எக்ஸிடம் நிலத்தின் ஒரு பங்கை வாங்கி, பயணிகளுக்கென்றே பாதை போடுவது மூன்றாவது வகை.

நியூயார்க் குத்தகையிலும் ஒரு முள் இருக்கிறது. இரண்டாவது பாதை போட்டாயிற்று, சிக்னல் மாற்றியாயிற்று. ஆனால் ஆல்பனியில் ஹட்சனைக் கடக்கும் லிவிங்ஸ்டன் அவென்யூ திருப்புப் பாலம் (படகுக்கு வழிவிடத் திரும்பும் பாலம்) 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. வண்டிகள் அதன்மேல் ஒவ்வொன்றாக, 15 மைல் வேகத்தில் ஊர்ந்து போயின. இரட்டைப் பாதையின் பலனை விழுங்கிக்கொண்டிருந்த அந்தப் பாலத்துக்கு மாற்றுப் பாலம் கட்டத் தொடங்கியது குத்தகைக்குப் பத்து வருடத்துக்கும் மேல் கழித்துத்தான்.