அடுத்தவர் கணினியில் விண்டோஸ் 11 திணிப்பவர்களுக்கு

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவை நிறுத்திக் கும்பிடு போட்டதிலிருந்து என் நட்பு வட்டத்தில் ஒரு புது வித்தை பரவியிருக்கிறது. "இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை" என்று விண்டோஸ் 11 கைவிரித்த பழைய லேப்டாப்பில் குறுக்கு வழியில் அதையே ஏற்றிவிட்டு, படம் பிடித்துப் பதிவும் போடுகிறார்கள். கீழே யாராவது ஒருவர் "என் அக்காவின் லேப்டாப்புக்கும் போட்டுத் தர முடியுமா?" என்று கேட்கிறார். "கொண்டு வாருங்கள், அரை மணி நேர வேலை" என்று பதில் வருகிறது. வித்தையின் மீது எனக்குக் கோபம் இல்லை, நானும் செய்கிறவன்தான். என் கவலையெல்லாம் அந்த அக்காவின் லேப்டாப்பைப் பற்றித்தான்.

முதலில் அந்தத் தகுதிப் பட்டியலைத் திட்டிவிடுகிறேன். அதற்கு அது முழுத் தகுதி உடையது. 2021இல் வந்த விதிப்படி இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறைச் சிப், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, அதற்குப் பிந்தையவைக்குத்தான் அனுமதி. டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான நிரலைக் கொண்டு மட்டுமே கணினியைத் தொடங்கும் முறை) எல்லாம் தனி. இதனால் என்ன ஆயிற்று? 2017 ஜனவரியில் வந்த 7ஆம் தலைமுறைக் கோர் ஐ7 7700கே, நான்கு கோரும் 4.2 கிகாஹெர்ட்ஸ் வேகமுமாக அன்றைக்குப் பலர் ஏங்கிய சிப், வாசலிலேயே நிறுத்தப்பட்டது. அதே ஆண்டின் கடைசியில், மலிவு லேப்டாப்புகளுக்காக வந்த இரண்டு கோர் செலரான் என்4000 மரியாதையாக உள்ளே போனது. அந்தச் செலரானில் விண்டோஸ் 11 ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பிடிஎஃப் திறப்பதற்குள் எதற்காகத் திறந்தோம் என்பதே மறந்துவிடும்.

நிறுவனம் சொன்ன காரணங்கள் வெறும் சாக்கு என்று நான் சொல்லமாட்டேன். தகுதி இல்லாத கணினிகளில் சோதனைப் பதிப்பை ஓட்டியபோது கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அளவிலான முடக்கங்கள் 52 விழுக்காடு அதிகம் என்று அவர்களே 2021 ஆகஸ்டில் கணக்குக் காட்டினார்கள். இருக்கலாம். ஆனால் அதே ஆகஸ்டில் உயர்ரக எக்ஸ் வரிசைச் சிப்புகள் சிலவற்றோடு, 7ஆம் தலைமுறையைச் சேர்ந்த ஐ7 7820எச்கியூ என்ற லேப்டாப் சிப் ஒன்றுக்கும், புதுவகை டிரைவர்களோடு (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) வந்த கணினியாக இருந்தால் போதும் என்று கதவு திறந்தது. அந்த லேப்டாப் சிப் எதில் இருந்தது தெரியுமா? மைக்ரோசாஃப்ட் தானே விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2இல். தன் பிள்ளை என்றதும் விதி வளைந்தது. மற்ற 7ஆம் தலைமுறைக்காரர்களில் பெரும்பாலோர் வெளியே நின்றார்கள்.

ஆகவே இந்தத் தடையைத் தாண்டுவதில் எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் கிடையாது. தாண்டுவதும் பெரிய சங்கதி இல்லை. ரூஃபஸ் என்ற இலவச நிரலில் பென்டிரைவ் தயாரிக்கும்போதே டிபிஎம் சோதனை வேண்டாம் என்று ஒரு டிக் போட்டால் போதும். அது இல்லாவிட்டால் நிறுவும் திரையில் ஷிஃப்ட்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்தி, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு) சில மதிப்புகளை 1 ஆக்கினாலும் சோதனை நின்றுவிடும். எனக்குப் பிடித்தது இன்னொன்று: நிறுவும் நிரலிடம் "இது சர்வர்" என்று ஒரு பொய் சொன்னால், தலைப்பில் விண்டோஸ் சர்வர் என்று போட்டுக்கொண்டே சோதனையைத் தவிர்த்துவிட்டு, கடைசியில் சாதாரண விண்டோஸ் 11ஐ இறக்கி வைக்கும். இவ்வளவு எளிதாக ஏமாறுகிற காவலாளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் எல்லாத் தடையும் இந்த ரகம் இல்லை. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, சிப்புக்குள் பாப்கவுண்ட் என்ற ஆணை இருந்தே ஆக வேண்டும் என்கிறது. ஓர் எண்ணை இரும முறையில் எழுதினால் அதில் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் ஆணை அது. 13ஐ 1101 என்று எழுதுகிறோம், விடை 3. அவ்வளவுதான் அதன் வேலை. 2008 கடைசியில் வந்த முதல் கோர் ஐ7 முதல் இன்டெல் சிப்புகளில் அது இருக்கிறது. கோர் 2 டுவோவில் இல்லை. அங்கே ரெஜிஸ்ட்ரியில் எதை 1 ஆக்கினாலும் பயன் இல்லை, கணினி பூட் ஆகவே ஆகாது. முந்தைய பதிப்பை அதே கோர் 2 டுவோவில் ஏற்றிப் பெருமைப்பட்டவர்கள் அத்தோடு மாட்டிக்கொண்டார்கள். "கூடாது" என்பதை மீறலாம், "முடியாது" என்பதை மீற வழி இல்லை.

இப்போது அக்காவின் லேப்டாப்புக்கு வருகிறேன். தகுதி இல்லாத கணினியில் விண்டோஸ் 11 ஏறியபின் மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தங்கள் நடைமுறையில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வரும் என்ற உத்தரவாதத்தை மட்டும் நிறுவனம் தரவில்லை. சிக்கல் ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பில் இருக்கிறது. அது இந்தக் கணினிகளுக்குத் தானாக வராது. யாராவது ஐஎஸ்ஓ கோப்பை (முழு விண்டோஸும் அடங்கிய நிறுவல் கோப்பு) இறக்கி, அதே குறுக்கு வழியில் மறுபடி ஏற்ற வேண்டும். வீட்டுப் பயன்பாட்டுக்கான ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் 24 மாதம்தான். அதற்குள் யாரும் ஏற்றவில்லை என்றால் மாதாந்திரத் திருத்தமும் நின்றுபோகும்.

அதாவது, திருத்தம் வராத விண்டோஸ் 10இலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நீங்கள் வாங்கிப் போன லேப்டாப், இரண்டு ஆண்டுக்குள் திருத்தம் வராத விண்டோஸ் 11இல் நிற்கும். பத்து என்று இருந்தபோதாவது "இது பழசு, வங்கி வேலை இதில் வேண்டாம்" என்ற பயம் அவருக்கு இருந்தது. இப்போது திரையில் பதினொன்று என்று தெரிகிறது. புதுசுதானே என்று நம்பி வங்கிக் கணக்கைத் திறப்பார். அவர் ரெஜிஸ்ட்ரி என்ற பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார். அரை மணி நேர வேலை செய்த நீங்கள் அதற்குள் வேலை மாறி வேறு ஊருக்குப் போயிருப்பீர்கள். உங்கள் சொந்தக் கணினி என்றால் ஆண்டுதோறும் மல்லுக்கட்டுங்கள், அது ஒரு பொழுதுபோக்கு. அடுத்தவருக்குச் செய்தால் அது ஒரு பராமரிப்பு ஒப்பந்தம். கையெழுத்துப் போடாத ஒப்பந்தம் என்பதால் பலருக்கு நினைவில் நிற்பதில்லை.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்ற அருமையான இலவசக் கருவியால் ஆப்பிள் கைகழுவிய பழைய மேக்குகளில் புதிய மேக்ஓஎஸ் ஓடுகிறது. ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் ஒட்டுப் போட ஓர் ஆள் வேண்டும். இன்டெல் மேக்குகளுக்கு டாஹோதான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025இலேயே சொல்லிவிட்டது. அந்தப் பாதைக்கு முட்டுச்சந்து தெரிகிறது.

வேறு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டில் ஒரு லேப்டாப் இருக்கிறது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், தொடக்க ஆண்டுகளில் மகனுக்குக் கிடைத்தது. மூடியில் அரசு முத்திரை பாதி தேய்ந்துவிட்டது. 2 ஜிபி ரேம், சுழலும் ஹார்டு டிஸ்க், அதில் விண்டோஸ் 7. குரோம் பதிப்பு 109ஓடு நின்றுபோனதால் பாதி இணையதளங்கள் முரண்டு பிடித்தன. மகன் வெளியூரில் வேலைக்குப் போய்விட, அந்த அம்மாள் கோயில் திருப்பணிக் குழுவின் கடிதங்களை அதில்தான் தட்டச்சு செய்கிறார். அந்த லேப்டாப்புக்கு ரேமை 4 ஜிபி ஆக்கி, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி பொருத்தி, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போட்டோம். வைஃபைக்கு டிரைவர் இல்லை என்று முதலில் முகத்தைத் திருப்பியது. கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் மாட்டி இணையத்தைப் பகிர்ந்ததும் அடுத்த நொடியே இணைப்பு வந்தது, டிரைவரைத் தானே தேடி இறக்கிக்கொண்டது. ஐபஸ் என்ற தட்டச்சு நிரல் வழியாகத் தமிழ் உள்ளீடு வைத்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை, பழைய தட்டச்சுப் பொறி முறை எல்லாமே கிடைக்கின்றன. அம்மாள் தட்டச்சு லோயர் பாஸ் செய்தவர். பழைய முறையைத் தேர்ந்துகொடுத்ததும் விசைப்பலகையைப் பார்க்காமலே அடிக்கத் தொடங்கிவிட்டார். மின்ட் 22க்கு 2029 வரை திருத்தம் வரும். அதுவும் எந்தப் பொய்யும் சொல்லாமல், தானாக வரும்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த லேப்டாப் முதலில் கைக்கு வந்தபோதே அதில் விண்டோஸுடன் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அன்றைக்கு மாணவர்கள் பலர் செய்த முதல் காரியம் அதை அழித்து இடத்தை மீட்டதுதான். பத்து ஆண்டுக்கு மேல் சுற்றி, லினக்ஸ் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

லினக்ஸை எல்லோர் தலையிலும் கட்டச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். டேலியில் கணக்கு எழுதுகிறவருக்கு அது உதவாது. பேஜ்மேக்கர் 7இலும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களிலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்காரரிடம் போய் லினக்ஸ் என்று சொன்னால் அடிக்க வருவார், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அவருடைய பழைய விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு இணைய இணைப்பைப் பிடுங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். பத்திரிகை அடிக்க இணையம் எதற்கு? மின்னஞ்சலுக்குக் கைப்பேசி இருக்கிறது. கணக்கு எழுதுகிறவர்களுக்கு, விண்டோஸ் 10க்கான நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். அதற்குள் 8ஆம் தலைமுறைச் சிப் உள்ள ஒரு பழைய அலுவலக லேப்டாப்பைத் தேடச் சொல்லுங்கள். திங்க்பேட் டி470க்கும் டி480க்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். முன்னதற்கு அனுமதி இல்லை, பின்னதில் 8ஆம் தலைமுறைச் சிப் இருந்தால் உண்டு. செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்கள் ஸ்டிக்கரை நம்பாமல் சிப்பின் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

லினக்ஸ்காரர்களும் புனிதர்கள் இல்லை. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 13ஆம் பதிப்பு வந்தபோது 32 பிட் (பழைய வகைச் சிப்) கணினிகளுக்கான நிறுவியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த முடிவின்போது அந்தக் கணினிகளில் பெரும்பாலானவை மிகவும் பழசாகியிருந்தன. விண்டோஸ் 11 வெளிவந்தபோது 7700கேக்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை.

உங்களிடம் பழைய லேப்டாப் இருந்து, என்ன செய்வது என்று தெரியாவிட்டால் கீழே எழுதுங்கள். மாடல் எண், ரேம், அதில் அன்றாடம் செய்யும் வேலை இந்த மூன்றும் வேண்டும். வைஃபை சிப் பிராட்காம் (டிரைவருக்கு அடம்பிடிக்கும் ரகம்) என்றால் அதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள், கேபிளோடு வருகிறேன்.