எங்க பட்டிக்குள்ள பூந்தது உங்க ஊரு நாயிங்க

ராத்திரியில தெருநாயிங்க பட்டியில பூந்து ஆட்டைக் கடிச்சுக் கொல்லுதுன்னு சொன்னா, "ராத்திரியில ஆட்டை வீட்டுக்குப் பக்கத்துல கட்டி வெச்சுக்கலாமே"ன்னு யோசனை சொல்ற மகராசனுங்களுக்கு முதல்ல ஒண்ணு சொல்லிக்கறேன். கொரங்காடுன்னா என்னன்னு தெரிஞ்சுட்டு வந்து பேசுங்க.

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் மழை கம்மி. வெள்ளாமையை நம்பிப் பொழைக்கற மண்ணு இல்லை இது. அதனால எங்க பெரியவங்க காட்டைச் சுத்திக் கிளுவை முள்ளுச்செடியை நட்டு உயிர்வேலி போட்டாங்க, அந்த மேய்ச்சல் காடுதான் கொரங்காடு. உள்ள கொழுக்கட்டைப்புல்லு, அங்கங்க நெழலுக்கு வெள்வேலா மரம். ஆடு மாட்டை உள்ள விட்டுப் படலைச் சாத்திட்டாப் போதும், கூடவே ஒருத்தர் கோலைப் புடிச்சுட்டுத் திரிய வேண்டியதில்லை. காங்கேயம் மாடு காங்கேயம் மாடுன்னு மெச்சறீங்களே, அது வளர்ந்ததே இந்தக் கொரங்காட்டுலதான். ஆடு பகல்ல மேயும், ராத்திரி அங்கயே பட்டியில அடையும். வயசானவங்க ரெண்டு பேரு மட்டும் இருக்கற வீட்டுல கூட முப்பது நாப்பது உருப்படி வெச்சுப் பொழைக்க முடியுதுன்னா இந்த ஏற்பாட்டாலதான். பையனுங்க எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனியில. காட்டுல யாருங்க இருக்கறாங்க, ராத்திரி பூரா முழிச்சுக் காவல் காக்க?

கிளுவை வேலி ஆட்டை வெளிய விடாது, மாட்டை உள்ள விடாது. நாயி அடியில பூந்து வந்துரும். ஒண்ணு பூந்தாப் போதும், பின்னாலயே ஏழெட்டு.

வெடியால போய்ப் படலைத் தொறந்தா நிக்கற ஆடே இருக்காது. தொண்டையில ஒரு கடி, பின்தொடையில சதை பிஞ்சு தொங்கும், சிலதுக்குக் குடல் வெளிய. தின்னுருந்தாலாவது பசிக்குப் பண்ணுதுன்னு மனசைத் தேத்திக்கலாம். தின்னறதே இல்லீங்க! ஓட ஓடத் தொரத்தும், கடிச்சுப் போடும், அடுத்ததுக்குப் போயிரும். செம்மறிக்கு ஒரு புத்தி உண்டு, மிரண்டா எல்லாம் ஒரே மூலைக்கு ஓடும். வேலியை ஒட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அடியில சிக்கினது மூச்சு முட்டியே செத்துரும். அதுங்க மேல ஒரு பல்லு பட்ட தடம் இருக்காது. சினை ஆடு தப்பிச்சாலும் ரெண்டு நாள் கழிச்சுக் குட்டியைப் போட்டுரும், அரைகுறையா.

இப்ப வருது பாருங்க கூத்து. நஷ்ட ஈடு வேணும்னா டாக்டர் வந்து அறுத்துப் பார்த்து சர்டிபிகேட் குடுக்கணும். எங்க காட்டுக்கு வந்தவரு கடி பட்டதை மட்டும் எண்ணுனாரு. "சாமி, இதும் அதே நாயாலதான் செத்துது, மிரண்டு நசுங்கிருச்சு"ன்னா, "கடிச்ச காயம் இல்லீங்களே, நான் எப்படி நாய்க்கடின்னு எழுதறது"ங்கறாரு. அவரு மேல கோபப்பட்டு என்ன பண்றது? அவரு கையில இருக்கற படிவம் அப்படி. கடி பட்டு உசிரோட நின்னதுக்கு மஞ்சளும் வேப்பெண்ணையும் போட்டு, புழு வெச்சதைக் குச்சியில நோண்டி எடுத்து, ஊசி போட்டுப் பார்த்தோம். அதுல பாதி அந்த வாரமே போயிருச்சு. அது கணக்குலயே வராது. ஏன்னா போட்டோ எடுத்த அன்னிக்கு அது உசிரோட இருந்துச்சாம்!

2025-ல அரசாங்கம் நாய் கடிச்சுச் செத்த ஆட்டுக்கு 6,000 ரூபா, மாட்டுக்கு 37,500, கோழிக்கு 200-ன்னு அறிவிச்சுது. சும்மா வரலை அது. செத்த ஆட்டை வண்டியில ஏத்திட்டு வந்து நடுரோட்டுல போட்டு உக்காந்ததுக்கு அப்பறம் வந்தது. அறிவிச்சாங்க, வேண்டாங்கல. ஆனா கன்னிவாடி ஆட்டுச்சந்தைக்குப் போய் ஆறாயிரத்துக்கு ஒரு வளர்ந்த மேச்சேரி இனச் செம்மறி ஆட்டைப் புடிச்சுட்டு வாங்க பார்க்கலாம். பத்தாயிரத்துக்குக் கீழ பேச்சே இல்லை. அதும் சினை ஆடுன்னா கேக்கவே வேண்டாம். ஒரு ஆடு போச்சுன்னா அது மட்டுமா போச்சு, அது இனி போட வேண்டிய குட்டி, அந்தக் குட்டி போடற குட்டி எல்லாம் சேர்ந்துதான் போச்சு. இதை எந்த ஆபீசுல போய்ச் சொல்றது?

சரி, நாயைப் புடிங்கன்னு கேட்டா சட்டம் பேசுவாங்க. அந்தச் சட்டம் என்னன்னு நானும் படிச்சேன். 2001-ல ஒரு விதி, அதை மாத்தி 2023-ல ஒரு விதி. தெருநாயைக் கொல்லக் கூடாது. புடிச்சு, கருத்தடை பண்ணி, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, எங்க புடிச்சாங்களோ அங்கயே கொண்டு வந்து விடணும். டவுனுக்கு இது ஒத்து வரலாம். புடிக்க ஆளு, கொண்டு போக வண்டி, அறுக்க டாக்டரு, அறுத்த நாயைக் காயம் ஆறுற வரைக்கும் வெச்சுக்கக் கூண்டு, இவ்வளவும் வேணும். எங்க பஞ்சாயத்துல தெரு விளக்குக்குப் பல்பு மாத்தறதுக்கே ஆளைத் தேடணும். கேட்டா "பண்டு இல்லீங்க"ன்னு ஒரே பதில். அப்படிச் சொல்றதுக்கும் இப்ப ஆளு இல்லை. 2025 ஜனவரியோட தலைவரு, மெம்பரு எல்லார் பதவிக்காலமும் முடிஞ்சு, தனி அலுவலர் கையில போயிருச்சு. ஒரு ஒன்றியத்துல இருக்கற அத்தனை பஞ்சாயத்துக்கும் ஒருத்தரு. அவரு எங்க கொரங்காட்டை எப்பங்க வந்து பார்க்கறது?

அதை விடுங்க. "புடிச்ச எடத்துலயே விடணும்"ங்கறாங்களே, அதைத்தான் நான் கேக்கறேன். எங்க இட்டேரியில, அதான் ரெண்டு பக்கமும் வேலி இருக்கற காட்டு வண்டித்தடத்துல, திரியற நாய்க்கு எங்க ஊரு சொந்த எடமா? அது இங்க பொறந்துச்சா? கழுத்துல பெல்ட்டு கட்டுன தடம் மாறாம ஒரு நாயி நிக்குது, சாயம் போன சிவப்புக் கயிறோட இன்னொண்ணு. ராத்திரி பத்து மணிக்கு மேல மினி ஆட்டோ ஒண்ணு மெயின் ரோட்டுல இருந்து இட்டேரிக்குள்ள திரும்பும், லைட்டை அணைச்சு நிறுத்தும், சாக்கை அவுக்கும், போயிரும். டவுன்ல ஒரு தெருவுல புகார் குடுத்தா அந்தத் தெரு சுத்தமாகுது. எப்படிச் சுத்தமாகுதுன்னு அங்க யாரும் கேக்கறதில்லை. அந்தத் தெருவுல ஒழிஞ்ச தொல்லைதான் எங்க காட்டுல பல்லைக் காட்டுது.

வந்த நாய்க்குச் சோறு யாரு போடறா? அதும் டவுன்காரங்கதான். கோழிக்கடைக் கழிவு, குடலு, தலை, காலு எல்லாம் மூட்டை மூட்டையா வாய்க்கால் கரையில. பல்லடத்துல இருந்து இங்க வரைக்கும் கறிக்கோழிப் பண்ணை. செத்த கோழியைக் குழி தோண்டிப் பொதைக்கச் சோம்பல் பட்டு வேலி ஓரம் வீசறவங்களும் இருக்கறாங்க. பச்சைக்கறி ருசி கண்ட கூட்டம் அது. ஒரு நாளைக்கு மூட்டை வரலைன்னா அடுத்தாப்பல எங்க போகும்? கழிவை அள்ளறதுக்குக் கடைக்காரன்கிட்டக் காசு வாங்கிட்டு இங்க வந்து கொட்டிட்டுப் போறவனை ஒருத்தனாவது புடிச்சு உள்ள போட்டிருக்கறாங்களா?

எங்க ஆளுங்களையும் விட மாட்டேன். நாயி குட்டி போட்டா கடுவனை மட்டும் வெச்சுட்டு, பொட்டைக் குட்டியை எல்லாம் கூடையில எடுத்துட்டுப் போய் ஊர் எல்லையில விட்டுட்டு வரது யாருங்க? நம்ம சனந்தான். கேட்டா "பொழைச்சாப் பொழைக்கட்டும், கொன்னா பாவம்"னு ஒரு தர்மம் வேற. பொழைச்சுதே! வருசத்துக்கு ரெண்டு ஈத்துப் போட்டுப் பொழைச்சுது. டவுன்காரனைத் திட்டறப்ப இதையும் சேர்த்துத் திட்டிக்கணும்.

டிவியில நாய்ப் பேச்சு ஓடுதுன்னு 2025 ஆகஸ்டுல நானும் உக்காந்து பார்த்தேன். 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு டெல்லி நாயை எல்லாம் புடிச்சுக் காப்பகத்துல அடைங்கன்னுச்சு. ஊரே ரெண்டு பட்டுக் கத்துச்சு. 22-ந் தேதி அதை மாத்தி, ஊசி போட்டு, கருத்தடை பண்ணி, வெறி புடிச்சதையும் மூர்க்கமா இருக்கறதையும் தவிர மத்ததைத் திரும்ப விட்ருங்கன்னுச்சு. நவம்பர் 7-ந் தேதி வந்த உத்தரவுல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன்ல புடிச்ச நாயைத் திரும்ப அங்கயே விடக் கூடாது, காப்பகத்துல வைக்கணும்னு இருக்கு. சந்தோசம். குழந்தைங்க நடமாடற எடம், சரிதான். ஆனா காப்பகம் எங்கங்க இருக்கு? காப்பகம் இல்லாத ஊர்ல புடிச்ச நாயி எங்க வந்து எறங்கும்னு எங்களுக்கு ஒரு பயம் இருக்கு. இத்தனை விவாதத்துல ஸ்கூட்டர்ல போறவரு, வாக்கிங் போறவரு, அபார்ட்மென்ட் அம்மா எல்லாரும் வந்து பேசுனாங்க. ஆடு வளர்க்கறவன் ஒருத்தன் மூஞ்சியைக் கூட நான் பார்க்கலை.

நோயில சாகக் கெடக்கற நாயைக் கருணைக்கொலை பண்ணலாம்னு தமிழ்நாடு அரசு 2025 ஜூலையில அனுமதி குடுத்துது. எங்க பட்டியில பூந்ததுக்கு நோயா நொடியா? கோழிக்குடலைத் தின்னு மினுமினுன்னு இருக்குது.

2019 கால்நடைக் கணக்கெடுப்புல தமிழ்நாடு பூராவும் தெருநாய் நாலரை லட்சத்துக்கும் கம்மின்னு போட்டிருக்குது. 2024-ல நாய்க்கடின்னு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க கணக்கு மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல. வீட்டு நாயும் கடிக்கும், தெரியும். இருந்தாலும் அந்தக் கணக்கு எடுத்தவங்க இட்டேரிப் பக்கம் வந்திருக்க மாட்டாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ஆட்டோட போற நஷ்டம் பரவால்லன்னு சொல்ற அளவுக்கு இன்னொண்ணு இருக்குது. வெறிநாய் கடிச்ச மாட்டுக்கு உடனே ஒண்ணும் தெரியாது. வாரக்கணக்குல, சமயத்துல மாசக்கணக்குல கழிச்சு எச்சில் ஒழுகும், தீனி எறங்காது. தொண்டையில என்னமோ அடைச்சிருக்குதுன்னு நம்மாளு கையை வாய்க்குள்ள விட்டுப் பார்ப்பான். கையில ஒரு சின்னக் கீறல் இருந்தாப் போதும், ஆபத்துதான். நோய் அறிகுறி தெரிய ஆரம்பிச்சுருச்சுன்னா மனுசனுக்கு வைத்தியம் கெடையாது. அதனால நாயி கடிச்சாலும் சரி, அப்படி எச்சில் பட்டாலும் சரி, சோப்புப் போட்டு ஓடற தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடிருங்க. ஊசியைப் பாதியில நிறுத்தாதீங்க. பச்சிலை, மந்திரிக்கறது எல்லாம் வேண்டாம்.

இந்த ஆத்திரத்துல செத்த ஆட்டு மேல பயிருக்குப் போடற விஷக் குருணை மருந்தைத் தூவி வெக்கறவங்களும் இருக்கறாங்க. வேண்டாஞ்சாமி. அந்தக் கறியைத் தின்னு மயிலும் காக்காயும் சாகும், நம்ம பட்டி நாயி சாகும், பக்கத்துக் காட்டுக்காரன் நாயி சாகும். வந்த கூட்டத்துல ரெண்டு செத்தா அடுத்த மினி ஆட்டோவுல நாலு வரும். போலீஸ் கேசு நம்ம மேல. அஞ்சு வருசம் வரைக்கும் உள்ள வெக்க சட்டத்துல எடம் இருக்குது. ஆடும் போயி நீங்களும் போவணுமா?

நாயைக் கொல்லுங்கன்னு நான் கேக்கலை. ஒன்றியத்துக்கு ஒரு கருத்தடை மையம், டாக்டரோடயும் கூண்டோடயும். ஒரு நாள் கேம்ப்பு நடத்தி, போட்டோ புடிச்சுட்டு, பேனரைச் சுருட்டிட்டுப் போறது வேண்டாம். பத்து நாய்ல ஏழுக்காவது பண்ணுனாத்தான் பெருக்கம் நிக்கும், மூணு பண்ணுனா மிச்சம் ஏழு அந்தக் கணக்கை ஈடு கட்டிரும். கோழிக்கடைக்கு லைசன்சு குடுக்கறப்பவே கழிவு எங்க போகுதுன்னு எழுதி வாங்குங்க. நசுங்கிச் செத்த ஆட்டுக்கும், கடி பட்டு அடுத்த வாரம் செத்த ஆட்டுக்கும் சேர்த்து சந்தை வெலையைக் குடுங்க. எடை போட்டே குடுங்க, நாங்க ஒண்ணும் தூக்கிச் சொல்ல மாட்டோம்.

அது வர வரைக்கும் நாங்க சும்மா உக்காந்திருக்கப் போறதில்லை. நாலு காட்டுக்காரங்க சேர்ந்து ஆளுக்கொரு ஆட்டுக்கடாவை வித்து, இட்டேரி முக்குல சோலார் கேமரா மாட்டியாச்சு. இருட்டுலயும் நம்பர் பிளேட்டு தெரியுதான்னு எங்க வண்டியை ஓட்டியே பார்த்துட்டோம், தெரியுது. இனி சாக்கு மூட்டை எறக்கற வண்டி எதுவா இருந்தாலும் நம்பரோட ஸ்டேஷன்ல புகார் போகும். அங்க வாங்க மாட்டேன்னா கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனுவுக்குப் போகும். மினி ஆட்டோகாரரே, நீங்க இதைப் படிச்சா ஓனர்கிட்டயும் சொல்லிருங்க.