மகுடத்துக்கு மட்டும் ஏன் பத்து நிமிஷம்?

பாளையங்கோட்டையில் நடந்த உலக இசைக் கச்சேரியைப் பற்றி நண்பர்கள் எல்லாரும் "பிரமாதம்" என்று பதிவு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மேடையை அமைத்தவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது: கணியான் கூத்தில் அடிக்கிற மகுடம் என்ற நம் ஊர்த் தோல் வாத்தியத்தைப் பத்தே நிமிஷத்தில் இறக்கிவிட்டார்கள். பாராட்டு அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் கோரா, அரபு நாடுகளின் ஊத் என்று இரண்டு நரம்பு வாத்தியங்கள், பெரு நாட்டின் கஹோன் என்ற தாள வாத்தியம், கூடவே நம்முடைய நாகஸ்வரம், வயலின், கடம். பட்டியலைப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த மாதிரி மேடைகளில் ஆளுக்கு ஐந்து நிமிஷம் தனியாக வாசிப்பார்கள், கடைசியில் எல்லாரும் சேர்ந்து வேகத்தை ஏற்றிக் கைதட்டு வாங்கிவிட்டு இறங்கிவிடுவார்கள். அங்கே ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் காதில் வாங்குவதே இல்லை.

அன்றைக்கு அப்படி ஆகவில்லை. அதற்கு நாயனக்காரரைத்தான் கும்பிட வேண்டும். நாகஸ்வரம் திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். அதன் சுருதியை நினைத்தபடி ஏற்றி இறக்க முடியாது. மற்றவர்கள்தான் அதன் கட்டைக்கு வந்து சேர வேண்டும். கோராவுக்கோ 21 நரம்புகள், அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டாலும் ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம்தான், நம் ஆட்கள் போல வளைத்து அசைத்து வாசிக்க வழியில்லை. நாயனத்துக்கோ கமகம் என்கிற அந்த அசைவுதான் உயிர். இது இரண்டும் எங்கே சேரப்போகிறது என்று நினைத்தேன். அவர்கள் மோகன ராகத்தை எடுத்தார்கள். ஐந்தே ஸ்வரம், கோராவுக்குச் சிக்கல் இல்லை. நாயனக்காரர் அசைவுகளைக் குறைத்து, காந்தார ஸ்வரத்தில் நீளமாக நின்றார். அந்த நீளத்துக்குள்ளே கோரா பொடிப்பொடியாக ஓடியது. அப்புறம் ஊத் நுழைந்தது. ஊத்துக்கு வீணைத் தண்டில் இருப்பது போல மெட்டுக்கட்டைகள் கிடையாது, விரல் வழுக்கிப் போகும். அங்கேதான் நாயனக்காரர் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அவிழ்த்துவிட்டார். நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் பிறந்த ஜில்லாவில் உட்கார்ந்து அதைக் கேட்க வேறு கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

(துருக்கியில் கல்யாணங்களுக்கு சுர்னா என்று நாயனம் போலச் சீவாளி வைத்து ஊதும் ஒரு வாத்தியமும், பெரிய முரசு ஒன்றும் சேர்ந்தே போகும். அந்த ஜோடியை நம் நாயனம், தவில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. யாராவது பணக்காரர் இதைப் படித்தால் பார்த்துச் செய்யவும்.)

கலப்பு என்றாலே மூக்கைச் சுளிக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு எட்டயபுரத்தை ஞாபகப்படுத்த வேண்டும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டு, பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தவர். முத்துசுவாமி தீட்சிதரே வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் கட்டினார், நோட்டுஸ்வரம் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். 1835-இல் அவர் காலமானதும் எட்டயபுரத்தில்தான். வயலின் இல்லாத கச்சேரியை இன்றைக்கு யார் கேட்கிறார்கள்?

சரி, சண்டைக்கு வருகிறேன்.

கச்சேரி தொடங்குமுன் "நமது மண்ணின் கலை" என்று கணியான் கூத்துக் குழுவை ஏற்றினார்கள். கதை பாடும் அண்ணாவி ஒருவர், மகுடம் இரண்டு, பெண்வேஷக்காரர் இரண்டு பேர். பத்து நிமிஷம். விருந்தினர்கள் வந்து உட்காரும் நேரம், போட்டோக்காரர்கள் மேடைக்குக் குறுக்கே போய் வந்துகொண்டிருந்தார்கள். சுடலைமாடன் கோயில் திருவிழாவான கொடையில் விடிய விடிய நடக்கிற கூத்து அது. அண்ணாவி கதையை எடுத்து, மகுடம் சூடு பிடித்து, ஆட்டம் கனத்து வருவதற்கே அந்தப் பத்து நிமிஷம் போதாது. தோலைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றியிருந்தார்கள். அது தணிவதற்குள் பொன்னாடை போர்த்தி இறக்கிவிட்டார்கள்.

பிறகு கோரா கலைஞரை அறிமுகம் செய்தார்கள். தலைமுறை தலைமுறையாக ராஜாக்களின் வம்ச வரலாற்றைப் பாடிவரும் குடும்பம், அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும் கலை என்று தொகுப்பாளர் உருகினார். உண்மைதான், அது அப்படிப்பட்ட பரம்பரைதான். ஆனால் சற்றுமுன் இறங்கிப்போன அண்ணாவியும் வேறென்ன செய்கிறார்? அவரும் பரம்பரையாக வந்த கதையைத்தான் பாடுகிறார், சாமியின் பிறப்பும் வரவும் அவர் வாயில்தான் இருக்கிறது. ஒருவருக்கு வம்சாவளி சொல்லி அறிமுகம், இன்னொருவருக்கு "நாட்டுப்புறக் கலைக்குழு". பெயர்கூடச் சொல்லவில்லை.

இசையாகப் பார்த்தாலும் இது நஷ்டம். கஹோன் வெறும் மரப்பெட்டி. பெருவில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் கையில் வளர்ந்த வாத்தியம் அது. அதன் தனி ஆவர்த்தனத்தில் மூன்றுக்கு இரண்டாக ஒரு நடை வந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் என் தொடையைத் தட்டினார். "அண்ணாச்சி, இது நம்ம கொடையில அடிக்கதுல்லா?" அப்படியே அதேதான் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று உச்சம், மேல் சுருதி, இன்னொன்று மந்தம், கீழ் சுருதி என்று இரண்டு மகுடம் எதிரெதிரே நின்று அதற்குப் பதில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. மகுடக்காரர்கள் அப்போது மேடைக்குப் பின்னால் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நின்றிருந்தார்கள்.

அமைப்பாளர்களில் ஒருவரிடம் கேட்டேன். "அது சாமி காரியம் சார், இதோட சேராது" என்றார். அப்படியானால் பத்து நிமிஷத்துக்கு மட்டும் எப்படிச் சேர்ந்தது? சேருமா சேராதா என்பதை அண்ணாவி சொல்லட்டும். கொடையில் மட்டும் பாட வேண்டியது எது, வெளியே பாடலாகாதது எது என்று அவருக்குத் தெரியாதா? அவரிடம் யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் விஷயம்.

நான் சொல்வது பெரிய செலவு பிடிக்கிற யோசனை அல்ல. வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு ஒத்திகை வைக்கும்போது அண்ணாவியையும் மகுடக்காரர்களையும் கூப்பிடுங்கள். மகுடத்துக்குத் தனி மைக் கொடுங்கள், அன்றைக்கு ஒரே மைக்கில் மந்தம் கேட்கவே இல்லை. நோட்டீஸில் பெயர் போடுங்கள். சம்பளத்தில் வித்தியாசம் இருக்கும், தெரியும், ஆனால் பொன்னாடையைச் சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்புறம் நாள் குறிக்கும்போது கொடைக் காலத்தைப் பார்த்துக் குறியுங்கள். சித்திரையிலும் ஆடியிலும் கூப்பிட்டால் அவர்களுக்கு வர நேரம் இருக்காது.