வேரியன்ஸ் வேறு, இது வேறு

அமெரிக்க ஊர்களில் தரும் ஸ்பெஷல் யூஸ் பெர்மிட்டை 'விதியை மீறுவதற்கான சலுகை' என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. விதியைத் தளர்த்தித் தருவது வேரியன்ஸ். இதில் எதையும் தளர்த்துவதில்லை; குடியிருப்புப் பகுதியில் டே கேரோ கோயிலோ சர்ச்சோ வரலாம், ஆனால் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்துத்தான் விடுவோம் என்று ஜோனிங் சட்டத்திலேயே (எந்தப் பகுதியில் என்ன வரலாம் என்று சொல்லும் ஊர்ச் சட்டம்) எழுதி வைத்திருப்பார்கள். சிகாகோ என்றால் அந்த இடத்திலிருந்து 250 அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்கு நோட்டீஸ் போக வேண்டும், அப்புறம் பொது விசாரணை.

எங்கள் தெருவில் ஒரு டே கேருக்காக நடந்த விசாரணைக்குப் போயிருந்தேன். பாதிப் பேர் 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்பதையே சுற்றிச் சுற்றிப் பேசினார்கள், விசாரிக்கும் போர்டு அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. பின்வீட்டுப் பாட்டி மட்டும், பக்கத்துப் பள்ளிக்கு வரும் கார்கள் காலை 8 மணிக்குத் தன் டிரைவ்வேயை எப்படி மறிக்கின்றன என்று நாலு போட்டோவைக் காட்டினார், எடுபட்டது அதுதான். பெர்மிட் கிடைத்தது, ஆனால் குழந்தைகளைப் பின்பக்க பார்க்கிங்கில்தான் இறக்கிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு!

இன்னொன்று, இந்த பெர்மிட் பெரும்பாலும் ஆளுக்கு இல்லை, நிலத்துக்கு. இடத்தை விற்றாலும் அது, நிபந்தனைகளோடு சேர்ந்து, வாங்கியவருக்குப் போய்விடும். கட்டுரையில் இதைச் சொல்லவே இல்லையே?