பர்னிச்சரை எண்ண முடியாதா என்ன?

யாராவது ஆபீஸ் மெயிலில் 'பர்னிச்சர்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' என்று எழுதிவிட்டால் போதும், ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுச் சிரிக்க ஒரு கூட்டம் இங்கே தயாராக இருக்கிறது. சிரிக்கிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. நாற்காலியை எண்ணலாம், மேசையை எண்ணலாம், கட்டிலை எண்ணலாம், வீடு மாற்றும்போது லாரிக்காரரும் எண்ணித்தான் ஏற்றுகிறார். பிறகு பர்னிச்சர் மட்டும் எப்படி எஸ் போடக் கூடாத, 'எண்ண முடியாத' பெயர் ஆனது?

பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. தெரியாததற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பள்ளியில் சொல்லிக்கொடுத்தது அப்படி. எண்ண முடிந்தது கவுன்ட்டபிள், எண்ண முடியாதது அன்கவுன்ட்டபிள். தண்ணீர், மணல், பால் என்று மூன்று எடுத்துக்காட்டு, பாடம் முடிந்தது. அந்த விளக்கமே தப்பு என்பதுதான் என் கட்சி. அதை நம்பி யோசித்து எழுதுகிற பிள்ளைதான் முதலில் மாட்டிக்கொள்ளும். பாக்கெட்டில் இருக்கிற காசை எண்ணிக்கொண்டிருக்கும் பையனிடம் 'மனி' எண்ண முடியாத பெயர் என்று சொன்னால் அவன் உங்களை ஒரு மாதிரிதான் பார்ப்பான்.

இது பொருளின் குணமே இல்லை, அந்தச் சொல் ஆங்கிலத்தில் புழங்கி வந்த பழக்கம், அவ்வளவுதான். கோதுமைக்கு 'வீட்', அது எண்ணாப் பெயர். பக்கத்து வயலில் விளையும் ஓட்ஸ் பன்மை. இரண்டும் தானியம், இரண்டும் மணிமணியாகத்தான் இருக்கின்றன. சோறு 'ரைஸ்', எண்ணக் கூடாது. நூடுல்ஸ் என்றால் பன்மை. 'இன்ஃபர்மேஷன்' என்ற சொல்லை ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்துதான் வாங்கியது, பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் அதைப் பன்மையில் தாராளமாக எழுதுகிறார்கள். இதே 'இன்ஃபர்மேஷன்ஸ்' நம் ஊர் ரெஸ்யூமேயில் வந்தால் மட்டும் கேலி.

ஆங்கிலேயர்களும் இந்த விஷயத்தில் உத்தமர்கள் இல்லை. பட்டாணிக்கு அங்கே பழைய சொல் 'பீஸ்'. அதுவே ஒருமை, தானியப் பெயர் மாதிரி எண்ணாமலும் புழங்கியது. கடைசியில் கேட்கும் ஒலியைப் பன்மை விகுதி என்று நினைத்து ஜனங்கள் அதை வெட்டிவிட்டார்கள், 'பீ' என்று ஒரு புது ஒருமை பிறந்தது. (தமிழில் எழுதினால் முகம் சுளிக்க வைக்கும் ஒலிதான், என்ன செய்ய.) 'சில்ட்ரன்' கதை இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் 'சில்ட்ரு' என்பதே பன்மை. அது போதவில்லை என்று அதன்மேல் இன்னொரு பன்மை விகுதியை ஒட்டினார்கள். நாமும் 'அவர்' என்ற பலர்பால் சொல்லின்மேல் 'கள்' ஏற்றி 'அவர்கள்' என்கிறோமே, அதே வேலை. ஆகவே 'சில்ட்ரன்ஸ்' என்று எழுதும் பிள்ளை பெரிய குற்றம் எதுவும் செய்துவிடவில்லை, இருக்கிற மாடிமேல் இன்னொரு மாடி கட்டியிருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் கஷ்டம் என்றால், தமிழில் எண்ணைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. பத்து மாடு, நாலு இட்லி. 'நாலு இட்லிகள் கொடுங்கள்' என்று எந்த ஓட்டலிலும் யாரும் கேட்பதில்லை. நன்னூலில் பால்பகா அஃறிணைப் பெயர் என்றே ஒரு வகை உண்டு. மாடு வந்தது, மாடு வந்தன, இரண்டும் சரி. இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிற பிள்ளை முதலில் 'டென் ருபீ' என்று எழுதும். டீச்சர் 'எஸ் போடு, எஸ் போடு' என்று திட்டத் திட்ட, பயந்துபோய் 'அட்வைஸ்' முதல் 'லக்கேஜ்' வரை எல்லாவற்றுக்கும் போட்டுவிடும். நான் பார்த்த வரை 'பர்னிச்சர்ஸ்' வருவது இந்தப் பயத்தில்தான்.

இதற்கு வழி எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டது. ஜப்பானிய மொழியிலும் பன்மை விகுதி கட்டாயமில்லை. அங்கே ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, மாணவர்கள் படும் பாட்டைப் பார்த்து, சகாக்களோடு சேர்ந்து தொகுத்த அகராதியில் பெயர்ச்சொற்களுக்கு கவுன்ட்டபிள் என்றால் 'சி', அன்கவுன்ட்டபிள் என்றால் 'யு' என்று குறி போட்டார். 1942இல் டோக்கியோவில் வெளியான அந்த அகராதியை 1948இல் ஆக்ஸ்போர்டு மறுபதிப்பு செய்தது, இன்றைய ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வாரிசு. நம் பிள்ளைகள் கையில் இருக்கும் ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில் அர்த்தம் இருக்கும், பெரும்பாலும் அந்தக் குறி இருக்காது. 'காஷ்மீரின் சீனரீஸ்' என்று தப்புக் கண்டுபிடிக்கச் சொல்லும் வாக்கியம் இல்லாத போட்டித் தேர்வு கைடு கிடையாது, ஆனால் சொல்லின் பக்கத்தில் இருக்கும் அந்த ஒற்றை எழுத்தைப் பார்க்கச் சொல்லித் தருகிறவர்கள் குறைவு.

சொல்லைச் சொல்லித்தரும்போதே 'எ சேர்', 'சம் பர்னிச்சர்' என்று ஜோடியாகச் சொல்லித்தந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சில சொற்கள் இரண்டு பக்கமும் நிற்கும் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். வெள்ளைத்தாள் என்றால் 'பேப்பர்' எண்ணாப் பெயர், செய்தித்தாள் என்றால் எண்ணலாம். தலைமுடி மொத்தமும் 'ஹேர்', சாம்பாரில் கிடந்தால் 'எ ஹேர்'.

பழக்கம் மாறவும் செய்யும். 'மெயில்' எண்ணாப் பெயர்தான், ஆனால் 'இமெயில்ஸ்' இன்று அகராதியிலேயே உட்கார்ந்துவிட்டது. 'ஃபீட்பேக்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' எல்லாம் அந்த வரிசையில் இடம் பிடிக்குமோ என்னமோ, பரீட்சை எழுதுகிறவர்கள் அதுவரை எஸ் போடாதீர்கள், மார்க் போய்விடும்.