‘வர்ச்சுவல் பாய் ஆள்’ என்று சொன்ன தம்பிக்கு

ரெண்டு நாளாக இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அந்த வீடியோவையும், அதற்குக் கீழே நான் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் பார்த்திருப்பீர்கள். கையில் வைத்து விளையாடும் கேம் பாய் கருவியை உருவாக்கியவர், மாரியோ கேமைச் செய்த மியாமோட்டோ என்று ஒருவர் கண் சிமிட்டாமல் பத்து நிமிடம் பேசுகிறார். “இல்லைங்க, அது ஜப்பானின் நின்டெண்டோ கேம் கம்பெனியில் ஆர் அண்ட் டி 1 என்ற ஆராய்ச்சிப் பிரிவு, குன்பே யோகோய் டீம்” என்று மரியாதையாகத்தான் ஒரு வரி போட்டேன். “யாரு, அந்த வர்ச்சுவல் பாய் ஆளா? கம்பெனியே துரத்திவிட்டுச்சே” என்று பதில் வந்தது. வர்ச்சுவல் பாய் என்பது யோகோய் செய்து தோற்றுப்போன ஒரு கேம் கருவி. அந்தப் பதிலுக்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

சிரிங்க. சிரித்து முடித்ததும் இதையும் படியுங்கள்.

மியாமோட்டோ மேதை. அதை யார் மறுத்தது? ஆனால் 1981இல் அவர் டாங்கி காங் என்ற வீடியோ கேம் செய்தபோது அவருக்கு மேலே பொறுப்பாளராக இருந்தவர் யோகோய். 1965இல் யோகோய் சேர்ந்தபோது நின்டெண்டோ கியோட்டோவில் ஹனஃபுடா சீட்டுக்கட்டு போடும் கம்பெனி. சீட்டுத் தயாரிக்கும் மெஷின்கள் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது இவர் வேலை. மெஷின் ஒழுங்காக ஓடினால் பொழுது போகாது அல்லவா, அப்படியொரு நாள் நீட்டினால் நீண்டு, மடக்கினால் மடங்கும் ஒரு கையைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். முதலாளி யமவுச்சி பார்த்துவிட்டார். கூப்பிட்டனுப்பினதும் திட்டு விழப்போகிறது என்று நினைத்துப் போனால், “இதை விற்கிற மாதிரி செய்” என்கிறார். 1966இல் அல்ட்ரா ஹேண்ட் என்று வந்து, பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

அடுத்த கதை எனக்கு இன்னும் பிடிக்கும். புல்லட் ரயிலில் ஓர் ஆள் பொழுதுபோகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்ததை யோகோய் பார்க்கிறார். பிறகு ஒரு நாள் யமவுச்சியின் டிரைவர் வரவில்லை. வண்டி இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள கேடிலாக். அதை ஓட்டத் தெரிந்தவர் இவர்தான். டெவலப்மென்ட் தலைவர் டிரைவராகப் போகிறார்! சும்மா ஓட்டிக்கொண்டு போக வெட்கமாக இருந்ததால், கால்குலேட்டர் அளவில் ஒரு கேம் செய்தால் என்ன என்று பேச்சுக்கொடுத்திருக்கிறார். முதலாளி ‘ம்’ கொட்டிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான். போன கூட்டத்தில் முதலாளி உட்கார்ந்தது கால்குலேட்டர் செய்யும் ஷார்ப் கம்பெனித் தலைவர் பக்கத்தில். சில நாளில் ஷார்ப் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். 1980இல் கேம் அண்ட் வாட்ச். மொத்தம் 4 கோடிக்கு மேல் விற்றது. தம்பி, உன் கன்ட்ரோலரில் இடது கட்டைவிரலுக்குக் கீழே கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன் இருக்கிறதே, அது 1982இல் கேம் அண்ட் வாட்சில் வந்த டாங்கி காங்குக்காக யோகோய் போட்டது. தினமும் அவர் மேல் விரலை வைத்துக்கொண்டுதான் அவரைக் கிண்டலடிக்கிறாய்.

‘காய்ந்துபோன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது’ என்பார் அவர். விலை இறங்கி, குறை நிறை எல்லாம் தெரிந்துபோன பொருளை எடுத்து, யாரும் நினைக்காத வேலைக்கு வைப்பது. 1989இல் கேம் பாய் அப்படித்தான் வந்தது. பாசிபிடித்த மாதிரி ஒரு திரை, நாலு பென்சில் பேட்டரி. கலர் திரையோடு வந்த போட்டிக் கருவி கேம் கியருக்கு ஆறு பேட்டரி வேண்டும், சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். எது நின்றது? கேம் பாய் கலரையும் சேர்த்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல்.

இந்த இடத்தில் ஒருவர் வருவார் என்று தெரியும். “கேம் பாய் யோகோய் ஐடியாவே இல்லை, ஒகாடா பேட்டியில் சொல்லியிருக்கிறாரே.” சரி, சொல்லியிருக்கிறார். யோகோய் நினைத்தது கேம் அண்ட் வாட்ச் மாதிரி ஒரு மலிவுப் பொம்மை, சண்டை போட்டுப் பெரிதாக்கியது நான் என்கிறார் சதோரு ஒகாடா. அவர் எந்த டிபார்ட்மென்ட்? ஆர் அண்ட் டி 1. நான் சொன்னதும் அதைத்தானே! ‘அப்படியென்றால் ஒகாடா பெயரை ஏன் முதலிலேயே எழுதவில்லை’ என்றால், இதோ எழுதிவிட்டேன், விடுங்கள்.

வர்ச்சுவல் பாய் தோற்றது. ஒத்துக்கொள்கிறேன். 1995இல் வந்தது, திரையில் எல்லாம் சிவப்பு, பார்த்தால் தலைவலி, ஒரு வருடத்துக்குள் மூட்டை கட்டினார்கள். ஆனால் ‘துரத்திவிட்டார்கள்’ என்பது கட்டுக்கதை. அதற்கப்புறம் கேம் பாய் பாக்கெட்டை முடித்துக்கொடுத்துவிட்டு 1996 ஆகஸ்டில் கிளம்பினார். வர்ச்சுவல் பாய் காரணமில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். முப்பது வருடம் வேலை பார்த்த மனுஷனை ஒரு தோல்வியின் பெயரால் கூப்பிடுகிறீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று வீட்டில் கேட்டார்கள். எங்கப்பா ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். மில் பெயர் வேண்டாம். பாபின் வண்டி திருப்பத்தில் கவிழ்ந்துகொண்டே இருக்கும். அப்பா காயலான் கடையிலிருந்து ஒரு குழந்தை சைக்கிளின் முன்பக்கத்தை வெட்டி வந்து வண்டியில் வைத்து வெல்டிங் அடித்தார். அப்புறம் ஒரு வண்டிகூடக் கவிழவில்லை. ஆண்டு விழாவில் அதற்குப் பரிசு கொடுத்தார்கள், மேனேஜருக்கு. சுவர்க்கடிகாரம். அப்பா பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். “வண்டி கவிழலைல்ல, விடுடா” என்றார். என்னால் விட முடியவில்லை, இன்றைக்கும்.

எங்கேயோ போய்விட்டேன். ஆர் அண்ட் டி 1க்கு வருவோம். 1986இல் மெட்ராய்ட் என்ற கேம் செய்த சகாமோட்டோ, கியோடாகே, இசையமைத்த தனாகா என்று அங்கே ஒரு கூட்டமே இருந்தது. யோகோய் போன பிறகும் நிற்கவில்லை. 2003இல் வந்த வாரியோவேர் கேமை மேனேஜருக்குத் தெரியாமல்தான் ஆரம்பித்தார்கள். வேலை நேரத்தில் விளையாடுகிற புத்தி, அந்த நீளும் கையிலிருந்து வந்தது. அடுத்த சீரமைப்பில் டிபார்ட்மென்டைக் கலைத்து ஆட்களைப் பிரித்துப் போட்டார்கள்.

யோகோய் அதைப் பார்க்கவில்லை. 1997 அக்டோபர் 4, நெடுஞ்சாலை விபத்து, வயது 56. தனியாகப் போய் அவர் தொடங்கிவைத்த வொண்டர்ஸ்வான் என்ற கையடக்க கேம் கருவி 1999இல் வந்தது. அதற்கு ஒரே ஒரு பென்சில் பேட்டரி போதும்.

கமென்ட் திறந்துதான் இருக்கிறது. மியாமோட்டோ சிரிக்கிற அந்த மீம் மட்டும் வேண்டாம், நேற்றே பதினேழு வந்துவிட்டது.