ஒற்றை வரியில் ஒதுக்கிவிட முடியாது

அமெரிக்காவின் 'கலோனியல் டேம்ஸ்' என்ற பெண்கள் சங்கத்தைப் 'பரம்பரைப் பெருமை பேசும் சீமாட்டிகள்' என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் ஒதுக்கியது எனக்கு வருத்தமளிக்கிறது. 1776இல் அமெரிக்கா விடுதலையை அறிவிப்பதற்கு முன்பே அங்கிருந்த ஆங்கிலேயக் குடியேற்றங்களில் பணியாற்றிய முன்னோரின் வழித்தோன்றல்களுக்கே அதில் இடம் என்பது உண்மை. அந்த விதியை நானும் ஏற்கவில்லை. ஆனால் மாநிலக் கிளைகள் செய்த வேலையைப் பாருங்கள்.

கனெக்டிகட் கிளைப் பெண்கள் வெதர்ஸ்ஃபீல்டு ஊரிலுள்ள வெப் இல்லத்தை 1919இல் வாங்கினார்கள். நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1920இல்தான்! அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1781 மே மாதத்தில், அமெரிக்கப் படைத் தலைவர் வாஷிங்டனும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுத் தளபதி ரோஷம்போவும் கூடிப் போர்த் திட்டம் பேசிய வீடு அது. அந்த ஆண்டே யார்க்டவுனில் ஆங்கிலேயப் படை சரணடைந்தது. வாஷிங்டன் வருகைக்காக ஒட்டிய சிவப்புச் சுவர்த்தாள் அவர் தங்கிய அறையில் இன்றும் இருக்கிறது. பக்கத்திலுள்ள டீன், ஸ்டீவன்ஸ் இல்லங்களும் பின்னர் இவர்கள் பராமரிப்புக்கு வந்து, மூன்றும் ஒரே அருங்காட்சியகமாக நடக்கின்றன.

ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். கனெக்டிகட்டில் அடிமை முறை முற்றிலும் ஒழிந்தது 1848இல்தான். எனவே இத்தகைய இல்லங்களில் உழைத்த கறுப்பின மக்களின் கதையும் வரவேற்பறையிலேயே, முதல் வாக்கியத்திலேயே சொல்லப்பட வேண்டும். கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்.